இரட்டை அலைவரிசை வைஃபை ஆம்ப்ளிஃபயர்: உள்ளே நடப்பதும் மாட்டும் முறையும்

தோட்டத்து மோட்டார் ரூம் வரை வைஃபை போக வேண்டியிருந்ததால் அனுப்பும் அலை, வாங்கும் அலை இரண்டையும் பெரிதாக்கும் இருவழி ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மாட்டினேன். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் வேலை செய்யும் இரட்டை அலைவரிசை ரகம். ஆன்டெனாவைக் கழற்ற முடிகிற ரூட்டர் இருந்தால்தான் இது சரிவரும். ரிப்பீட்டர் பாக்கெட்டை (தரவுத் துண்டை) வாங்கி மறுபடி அனுப்பும். ஆம்ப்ளிஃபயரோ ரூட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே உட்கார்ந்து அலையை மட்டும் பெரிதாக்கும்.

1. உள்ளே என்ன நடக்கிறது

வைஃபை ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பும், வாங்கும். அதனால் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் இரண்டு பாதை: அனுப்ப ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர், வாங்க இரைச்சல் குறைந்த ஒரு ஆம்ப்ளிஃபயர். இரு முனையிலும் ஸ்விட்ச். சும்மா இருக்கும்போது அது வாங்கும் பக்கமே நிற்கும். ரூட்டரிலிருந்து பவர் வருவதை டிடெக்டர் உணர்ந்ததும் அனுப்பும் பக்கம் தாவும். பாக்கெட் முடிந்த கையோடு திரும்பியும் விட வேண்டும். ஏனென்றால் மறுமுனையின் பதில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 மைக்ரோ விநாடியில், 5 கிகாஹெர்ட்ஸில் 16 மைக்ரோ விநாடியில் கிளம்பிவிடும்.

இரட்டை அலைவரிசைப் பெட்டியில் இதே அமைப்பு இரண்டு செட். டைப்ளெக்ஸர் என்ற ஃபில்டர் வாசலிலேயே இரண்டையும் பிரித்து, ஆன்டெனா முனையில் மறுபடி சேர்க்கும்.

(மொபைல் பூஸ்டர் வேறு கதை. அனுமதியில்லாமல் அதை மாட்டுவது இந்தியாவில் குற்றம்.)

2. கனெக்டர்

எஸ்எம்ஏ என்பது திருகி மாட்டும் ஆன்டெனா கனெக்டர்; ஆர்பி-எஸ்எம்ஏ அதே மரையில், நடுவில் ஊசியும் துளையும் இடம் மாறிய வகை. ரூட்டரில் பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ இருக்கும், ஆம்ப்ளிஃபயரில் சாதா எஸ்எம்ஏ இருக்கலாம். ரூட்டரின் ஆன்டெனாவை அதில் திருகினால் மரை கச்சிதமாக ஏறும். ஆனால் நடுவில் துளைக்கு எதிரே துளை, தொடர்பே இருக்காது. ஆன்டெனா இல்லாமல் ஓட்டியது போலாகி, பவர் ஆம்ப்ளிஃபயர் கருகவும் கூடும். திருகும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

3. கேபிள்: எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்

வாங்கும் சிக்னல் கேபிளில் கரையாமல் இருக்க, பெட்டி ஆன்டெனா பக்கத்தில் இருப்பது நல்லது. ஆனால் ரூட்டரிலிருந்து வரும் பவர் வழியிலேயே குறைந்துபோனால் டிடெக்டர் விழிக்காது, பெட்டி வாங்கும் நிலையிலேயே கிடக்கும். மாட்டாமல் இருந்ததைவிட மோசமாகிவிடும். ஆர்ஜி-58 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 1 டிபி (டெசிபெல், பலம் ஏறி இறங்குவதன் அளவு; 10 டிபி போனால் பத்தில் ஒரு பங்கு) தின்னும். 10 மீட்டர் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம், 5 கிகாஹெர்ட்ஸில் அதுவும் இல்லை. என் ஓட்டு இழப்பு குறைந்த தடித்த கேபிளான எல்எம்ஆர்-400க்கு. 2.4 கிகாஹெர்ட்ஸில் அதே தூரத்தில் இழப்பு 2 டிபி சொச்சம்தான். விறைப்பான கேபிள், மூலையில் மடக்குவது கஷ்டம், இருந்தாலும் அதுதான்.

தலைகீழ்ச் சிக்கலும் உண்டு. உள்ளீடு அதிகமானால் அலை சிதையும்: போனில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், வேகம் படுத்துவிடும். அப்போது ரூட்டர் செட்டிங்கில் டிரான்ஸ்மிட் பவரைக் குறையுங்கள். பெட்டியின் தாளில் போட்டிருக்கும் உள்ளீட்டு எல்லைக்குள் இருந்தால் போதும்.

4. கடைசியில் கரண்ட்

ஆன்டெனா மாட்டிய பிறகே அடாப்டர். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவோடு சேர்த்து இந்திய வரம்பு 4 வாட், அதாவது 36 டிபிஎம் (பவரை டெசிபெல்லில் சொல்லும் அளவு). டிபிஐ என்பது ஆன்டெனா ஒரு திசையில் அலையைக் கூட்டும் அளவு; இரண்டையும் கூட்டினால் போதும், 30 டிபிஎம் பெட்டிக்கு 6 டிபிஐ ஆன்டெனாவே உச்சம்.

பின்சேர்க்கை: நான்கு ஆன்டெனா ரூட்டரில் எதில் மாட்டுவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு பெட்டி ஒரு ஆன்டெனாவை மட்டுமே தூக்கும், மற்ற மூன்றும் பழையபடியே இருக்கும். தூரத்தில் இணைப்பு நிற்கலாம், முழு வேகம் வராது. அந்த ரூட்டர்காரர்கள் இந்தக் காசில் வெளிப்புற ஆக்சஸ் பாயின்ட் (ரூட்டரோடு இணைத்து வைஃபை பரப்பும் தனிப் பெட்டி) ஒன்றை வாங்கிக் கம்பத்தில் கட்டிவிடுங்கள்.