முன்மொழிவுக் கோவைகளில் நாம் விடும் பிழைகள்

ஆராய்ச்சி நிதி முன்மொழிவுகள் திருகோணமலை மாரி மாதிரி. இறுதித் திகதிக்கு முதல்நாள் வரை ஒரு துளி இருக்காது. பிறகு ஒரே பின்னேரத்தில் மேசை நிரம்பி வழியும்.

அந்த அவசரத்தில்தான் பெயர்வாரியாக அடுக்கத் தோன்றும். தமிழ்க் கடிதத்தில் ‘ந. சிவகுமார்’, ஆங்கிலப் படிவத்தில் ‘என். சிவகுமார்’ என்று இருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு கோவை! சரி, துறைவாரியாகப் பிரிக்கலாம் என்றால், கொட்டியாரக் குடாவின் கண்டல் மரங்களுக்கு இடையில் வளரும் இறால் குஞ்சுகளைப் பற்றிய முன்மொழிவு மீன்பிடியா, சூழலியலா? இன்று ஒருவர் ஒன்றில் போடுவார், நாளை மற்றவர் மற்றதில் தேடுவார். வந்த அன்றே ஆண்டும் வரிசை எண்ணும் சேர்த்து 2025/007 என்று ஓர் இலக்கம் கொடுத்துவிடுங்கள். பெயர், துறை எல்லாம் பதிவேட்டில் இருந்தால் போதும். பதில் கடிதத்தில் ‘எனது இல.’ என்ற இடத்திலும் அதே இலக்கம்தான் வரவேண்டும்.

கணினியில் இதைவிடப் பெரிய வில்லங்கம் பாமினி. நம் கந்தோர்களில் இன்னும் பலர் அந்த எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் ‘இறால்’ என்று தேடினால் அந்த ஆவணம் அகப்படாது. நானே ஒருமுறை, ‘அப்படி ஒன்று வரவேயில்லை’ என்று ஒரு விரிவுரையாளருக்குத் தொலைபேசியில் அடித்துச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் என் கணினியிலேயே அதைக் கண்டெடுத்தேன். தலைப்பையும் பெயரையுமாவது யுனிகோடில் பதிந்து வையுங்கள்.

எக்செல் பட்டியலில் ஒரு நிரலை மட்டும் தெரிவு செய்து வரிசைப்படுத்துவது ஆபத்து. எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வரும். அதில் மற்ற நிரல்களையும் சேர்க்காமல், தெரிவு செய்த நிரலை மட்டும் வரிசைப்படுத்தும் தெரிவை அழுத்தினால் ஒருவருடைய பெயருக்கு நேரே இன்னொருவருடைய தொகை வந்து நிற்கும். சேமித்து மூடியும் விட்டால் பழைய பிரதிதான் கைகொடுக்கும்.

கோப்புப் பெயரில் திகதியை 2025-03-07 என்று ஆண்டில் தொடங்குங்கள். நாளில் தொடங்கினால் மார்ச் 7க்கு அடுத்து ஏப்ரல் 7 வந்து உட்காரும். ‘இறுதி’, ‘இறுதி புதியது’ எல்லாம் வேண்டாம்.

கடற்காற்றில் குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். நீண்ட நாள் வைப்பதென்றால் நூல் கட்டுங்கள்.

அப்புறம், நிராகரிக்கப்பட்டவற்றை உடனே கழித்துவிடாதீர்கள். அதே ஆராய்ச்சி அடுத்த வருடம் திருத்தி வரும். மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வியே ‘போனமுறை நாங்கள் என்ன சொன்னோம்?’ என்பதுதான்.