லவ் பேர்ட்ஸுக்கு உடம்பு சரியில்லையா? மருந்துக்கு முன் மாதிரி எடுங்கள்

லவ் பேர்ட்ஸ் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் மூலையில் உட்கார்ந்துவிட்டால், பலரும் முதலில் போவது தீவனக் கடைக்குத்தான். கோழிக்கான ஆன்டிபயாடிக் பொடியை வாங்கித் தண்ணீரில் கலந்து வைப்பார்கள். இரண்டு நாளில் சரியாகவில்லை என்றால்தான் டாக்டரிடம் போவார்கள். இந்த வரிசையே தவறு. மருந்து உள்ளே போன பிறகு பரிசோதனைக்கு எடுக்கும் எச்ச மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். கல்ச்சர் (மாதிரியில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும், நோய் மட்டும் அப்படியே இருக்கும். சோர்ந்த பறவை தண்ணீரும் சரியாகக் குடிக்காது. அதனால் மருந்து எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள்.

இளைத்துப்போகிற பறவைக்கெல்லாம் பாக்டீரியாதான் காரணம் என்று நினைப்பது அடுத்த தவறு. சில லவ் பேர்ட்ஸ் நாள் முழுக்கத் தினையைக் கொத்திக்கொண்டே இருக்கும், ஆனாலும் நெஞ்செலும்பு கத்தி முனைபோலத் துருத்தும், எச்சத்தில் செரிக்காத தானியம் வரும். இதற்குக் காரணமான உயிரியை வெகுகாலம் ‘மெகாபாக்டீரியா’ என்றே அழைத்தார்கள். நுண்ணோக்கியில் நீளமான குச்சியாகத் தெரிவதால் வந்த குழப்பம் அது. 2003இல்தான் அது ஈஸ்ட் வகைப் பூஞ்சை என்று உறுதியானது. எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது, ஆம்போடெரிசின் பி போன்ற பூஞ்சைக்கொல்லிதான் வேண்டும். புதிய எச்சத்தை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் ஒருமுறை தென்படவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

எச்சம் நீர்த்திருந்தால் உடனே வயிற்றுப்போக்கு என்கிறோம். பறவை எச்சத்தில் மலம், வெள்ளையான யூரேட் (சிறுநீரகம் வெளியேற்றும் யூரிக் அமிலக் கழிவு), தெளிந்த சிறுநீர் மூன்றும் சேர்ந்தே வரும். மலம் கெட்டியாக இருந்து நீர் மட்டும் கூடியிருந்தால் அது சிறுநீர் மிகுதி. பழம் தின்றிருக்கலாம், பயந்திருக்கலாம், சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம். வெள்ளைப் பகுதி பச்சையாக மாறினால் கல்லீரலைக் கவனிக்க வேண்டும்.

கூண்டுத் தட்டிலிருந்து சுரண்டிய பழைய எச்சத்தைக் கல்ச்சருக்குக் கொடுத்தால், வளர்வது பறவையின் கிருமியா தட்டின் கிருமியா என்று தெரியாது. முறையாக எடுத்த மாதிரியிலேயே ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா கொஞ்சம் தெரிந்தால் அதுதான் நோய் என்று பிடித்துக்கொள்வதும் சரியில்லை. கிளி இனங்களின் குடலில் இயல்பாக இருப்பவை பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள், அதாவது கிராம் சாயச் சோதனையில் ஊதாவாகத் தெரிபவை. ஆரோக்கியமான பறவையிலும் அந்த ஊதாச் சாயம் தங்காத, ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் சில இருக்கக்கூடும். எத்தனை இருக்கிறது, பறவை எப்படி இருக்கிறது, எடை குறைகிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அறிக்கையைப் படிக்க வேண்டும். லவ் பேர்ட்ஸ் என்று நாம் வளர்க்கும் பட்ஜெரிகரின் எடையே 30–40 கிராம்தான். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வைத்தால், டாக்டருக்கு அதைவிட நல்ல தகவல் இல்லை. ரத்தப் பரிசோதனை செய்தால் பறவை ரத்தம் தெரிந்த ஆய்வகத்தில் செய்யுங்கள். பறவையின் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால், மனித ரத்தத்தை எண்ணும் கருவி தவறான எண்ணிக்கை காட்டும்.

நான் மிகவும் கவலைப்படுவது சிட்டகோசிஸ் என்னும் கிளிக் காய்ச்சலைப் பற்றித்தான். இதை உண்டாக்கும் கிளமிடியா சிட்டசி என்ற பாக்டீரியா உயிரணுவுக்குள் மட்டுமே வளரும். ஆகவே சாதாரண கல்ச்சரில் தெரியவே தெரியாது. ‘கல்ச்சர் சுத்தமாக வந்தது, பாக்டீரியா இல்லை’ என்று நிம்மதியாக இருந்துவிட்டால் ஆபத்து. கண், மேல் அண்ணம், எச்சத்துளை மூன்றிலும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் மாதிரி) எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்ய வேண்டும். கிருமி சில நாள் வெளியேறும், சில நாள் வெளியேறாது என்பதால் ஒரு நெகட்டிவ் முடிவோடு விட்டுவிடவும் முடியாது. உறுதியானால் வழக்கமான சிகிச்சை 45 நாள் டாக்சிசைக்ளின். அந்த நாட்களில் கணவாய் ஓட்டைக் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள், கால்சியம் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். பறவை தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

கூட்டத்தில் ஒன்று இறந்துவிட்டால் அதைப் புதைக்கும் முன் யோசியுங்கள். மற்றவற்றைக் காப்பாற்ற அந்த உடலின் பரிசோதனை உதவும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, இறகில் சோப்புத் தண்ணீர் நனைத்து, இரண்டு பைகளில் சுற்றி ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைத்தால் திசுக்கள் சிதைந்து பார்க்க முடியாமல் போகும்.

 

கிளிக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். 1929–30இல் அர்ஜென்டினாவிலிருந்து கப்பலேறிய கிளிகளால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் நோயுற்றார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன. உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால், பறவை வளர்ப்பதை உங்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.