பொருக்குப் பூஞ்சைகளை அறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தின் மீது, தண்டும் குடையும் இல்லாமல், சுண்ணாம்பு பூசியது போல ஒட்டிப் படர்ந்திருப்பவை பொருக்குப் பூஞ்சைகள். இவற்றைத் தேடுவோர் பலர் கட்டையின் மேற்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஈரம் நெடுநேரம் தங்குவதால் பெரும்பாலான இனங்கள் அடிப்பக்கத்தில்தான் வளர்கின்றன. ஐரோப்பியக் காடுகளில் ஹேசல், ஆஷ் மரங்களின் காய்ந்த கிளைகளில் காணப்படும் அடர்நீல நிற டெரானா செருலியாவைக்கூடக் கிளையைப் புரட்டாதவர் காண்பது அரிது. புரட்டிய கட்டையை முன்பிருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை, ஏனெனில் அடிப்பக்கம் வெயிலில் காய்ந்தால் அங்கு ஒதுங்கியிருக்கும் சிற்றுயிர்களும் பாதிக்கப்படும்.

வெளிச்சம் படும் மேற்பட்டையில் உள்ள பொருக்குகளில் பல, பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கென்கள்; அவற்றைப் பொருக்குப் பூஞ்சை என்று கொள்வதும் தவறு. நகத்தால் மெல்லச் சுரண்டும்போது பச்சை நிறமோ, சில வகைகளில் ஆரஞ்சு நிறமோ தென்பட்டால், அது பூஞ்சையோடு கூடி வாழும் பாசியின் அடையாளம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தவறு, உருவ ஒற்றுமையை உறவாகக் கொள்வது. முற்காலத்தில் கார்ட்டிசியேசி என்னும் ஒரே குடும்பத்தில் அடக்கப்பட்ட இந்தப் பூஞ்சைகள் தொடர்பில்லாத பல வரிசைகளில் (குடும்பங்களுக்கு மேலான வகைப்பாட்டுப் பிரிவுகளில்) சிதறிக் கிடப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஸ்டீரியம் என்னும் பேரினம், குடையும் அதன் அடியில் செவுள்களும் கொண்ட ருசுலா காளானுடன் ஒரே வரிசையில் இடம்பெறுகிறது. எனவே ஒரு நிழற்படத்தின் நிறத்தை நம்பி இனப்பெயர் சூட்டுவது பெரும்பாலும் ஊகமாகவே முடியும். ஸ்டீரியம் ருகோசம், ஸ்டீரியம் சாங்குவினோலென்டம் ஆகிய இரண்டுமே ஈரமாக இருக்கும்போது கீறினால் சிவந்து கசிபவை என்றாலும், முன்னது அகன்ற இலை மரங்களிலும் பின்னது ஊசியிலை மரங்களிலும் வளர்வதால், எந்த மரம் என்பதைக் குறிக்காமல் விட்டால் எளிதில் கிடைத்திருக்கும் விடையும் கைநழுவும். பிறவற்றுக்கு, விதைபோல் இனம் பரப்பும் ஸ்போர்களின் வடிவத்தையும் இழைகளின் அமைப்பையும் நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

மரத்தின் மீது இருப்பதெல்லாம் மரத்தைத் தின்கிறது என்ற எண்ணமும் பிழையே. டொமென்டெல்லா என்னும் பொருக்குப் பூஞ்சை இனங்கள் உயிருள்ள மரங்களின் வேர்களோடு இணைந்து அவற்றிடமிருந்து சர்க்கரையைப் பெறுபவை. விழுந்த கட்டை அவற்றுக்கு ஸ்போர்களை உருவாக்குவதற்கான ஈரமான கூரை மட்டுமே. காய்ந்த கிளையில் மஞ்சள் கூழாகத் திரளும் ட்ரெமெல்லா மெசென்டெரிகாவோ, அங்குள்ள பெனியோஃபோரா என்னும் பொருக்குப் பூஞ்சையின் மீது ஒட்டுண்ணியாக வாழ்கிறது. மரத்தை உண்பவற்றிலும் வழிகள் வேறு: ஃபனெரோகீட் கிரைசோஸ்போரியம், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருளையும் சிதைப்பதால் மரம் வெளிறி நாராகிறது, இமயமலைக் காடுகளில் இயல்பாக வளரும் செர்புலா லாக்ரிமன்ஸ் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைப்பதால் மரம் பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடிக்கிறது.

மாதிரி எடுப்பவர்கள் பொருக்கை மட்டும் உரித்தெடுக்காமல் அடியிலுள்ள மரச்சில்லோடு சேர்த்து வெட்டி, பிளாஸ்டிக் பையில் புழுங்கவிடாமல் காகித உறையில் இட்டு, அன்றே உலர்த்தத் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டின் காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதியைப் பெறாமல் ஒரு சில்லையும் எடுக்கக் கூடாது.