வணிக வழக்கு ஆபீஸில் புது ஜூனியருக்கு: தேதியைப் பிடிக்கும் வேலை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் வியாபாரிகளின் வழக்குகளைப் பார்க்கும் சீனியரிடம் சேர்ந்தால், முதல் வருஷம் வாதாடக் கிடைப்பது அபூர்வம். கைக்கு வருவதெல்லாம் தேதிகள்தான். உரக்கடை பாக்கி, ரைஸ் மில் கணக்கு, நெல் வியாபாரி கொடுத்த செக், திருபுவனம் பட்டுக்கான பில் என்று எந்த வழக்குக் கட்டைப் பிரித்தாலும் உள்ளே ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கெடுவைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் போதும், மற்றதைச் சீனியரே கற்றுக்கொடுப்பார்.

சேரும்போதே சம்பளத்தைப் பேசிவிடுங்கள். சென்னை, மதுரை, கோவை தவிர்த்த ஊர்களில் ஜூனியருக்கு மாதம் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-ல் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. எல்லா ஆபீஸிலும் அது நடப்பதில்லை. கேட்காத இடத்தில் நிச்சயம் நடக்காது.

வாய்தா டைரியை அன்றன்று சாயங்காலமே எழுதி முடிக்க வேண்டும். அடுத்த தேதிக்கான பக்கத்தில் வழக்கு எண், கோர்ட், கட்சிக்காரர் பெயர், எந்தக் கட்டம் என்பது வரை எழுதுங்கள். வெறும் எண்ணை மட்டும் எழுதி வைத்தால், அன்றைக்குக் குறுக்கு விசாரணையா, எதிருரை (எதிராளி எழுதித் தரும் பதில்) தாக்கலா என்று காலையில் கட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியிலும் சரிபாருங்கள். ஆனால் அதில் தேதி ஏறத் தாமதமாகலாம். சந்தேகம் வந்தால் பெஞ்ச் கிளார்க்கைக் கேட்பதுதான் வழி.

இனி செக் வழக்கு, அதாவது வங்கியில் பணமாகாமல் திரும்பி வந்த செக்குக்குப் போடும் வழக்கு. டெல்டாவில் ஜூனியர் கையில் அதிகம் புழங்குவது இதுதான், அதிகம் கெட்டுப்போவதும் இதுதான்.

கட்சிக்காரர் வந்ததும் ஒரிஜினல் செக்கையும் வங்கி ரிட்டர்ன் மெமோவையும் (செக் திரும்பியதாக வங்கி தரும் சீட்டு) வாங்கித் தனிக் கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். கட்டில் ஜெராக்ஸ் மட்டும் இருக்கட்டும். ஒரிஜினலில் பஞ்ச் போடாதீர்கள், ஸ்டேப்ளரும் அடிக்காதீர்கள். செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டாரா என்று பாருங்கள். மெமோ கைக்கு வந்த தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதும் முக்கியம். அவர் தன் கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பிய செக் என்றால், அந்தக் கிளை இருக்கும் ஊரின் கோர்ட்டில்தான் வழக்கு. செக் கொடுத்தவர் திருவாரூர்க்காரராக இருந்தாலும், வாங்கியவர் கணக்கு கும்பகோணத்தில் இருந்தால் கும்பகோணம்தான்.

கணக்கு இப்படிப் போகும். மெமோ ஜூன் 10-ல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளை விட்டுவிட்டு 30 நாள் எண்ணினால், செக் கொடுத்தவரிடம் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பக் கடைசி நாள் ஜூலை 10. எதிராளி நோட்டீஸை ஜூலை 3-ல் வாங்குகிறார். பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதாவது ஜூலை 18 வரை. கட்டாவிட்டால் 19-ம் தேதி வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கிறது. அதிலிருந்து புகார் தாக்கல் செய்ய ஒரு மாதம். 30 நாள் அல்ல, காலண்டர் மாதம். சட்டப்படி ஆகஸ்ட் 19 வரை இடம் உண்டு, ஆனால் டைரியில் 18 என்றே எழுதுங்கள். ஒரு நாளுக்காக எதிர்த்தரப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். அவசரப்பட்டு 15 நாள் முடியும் முன்பே தாக்கல் செய்தாலும் புகார் நிற்காது. 2014-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

நோட்டீஸில் செக் தொகையை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். 1 கோடி ரூபாய் செக்குக்கு 2 கோடி கேட்டு அனுப்பிய நோட்டீஸ் செல்லாது, தட்டச்சுப் பிழை என்ற சமாதானமும் எடுபடாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய நோட்டீஸை காப்பி செய்து பெயரை மட்டும் மாற்றும் ஆபீஸ்களில் இந்த விபத்து சுலபமாக நடக்கும். வட்டி, செலவு கேட்பதானால் தனிப் பத்தியில் கேளுங்கள். செக் தொகையோடு கூட்டி ஒரே தொகையாக எழுதாதீர்கள்.

யாருக்கு அனுப்புவது? கடைப் பலகையை நம்பாதீர்கள். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணைப் போர்ட்டலில் போட்டால் தனி உரிமையாளரா, கூட்டு நிறுவனமா, பிரைவேட் லிமிடெட்டா என்று தெரியும். கம்பெனி செக் என்றால் கம்பெனியையே எதிரியாகச் சேர்க்க வேண்டும். டைரக்டரை மட்டும் சேர்த்தால் வழக்கு விழும். தபால் கவர் 'வாங்க மறுப்பு' என்று திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே கட்டில் வையுங்கள். சரியான முகவரிக்குப் போன தபால் சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும், அதற்கு ஒட்டிய கவர்தான் சாட்சி. டிராக்கிங் பக்கத்தையும் அன்றே பிரின்ட் எடுத்துவிடுங்கள்.

மே மாதம் தனிப் பொறி. விடுமுறை சிவில் கோர்ட்டுக்குத்தான். செக் புகார் போகும் மாஜிஸ்திரேட் கோர்ட் மே மாதமும் நடக்கும். 'ஜூனில் போட்டுக்கொள்ளலாம்' என்று விட்டால், தாமதத்துக்கு மன்னிப்பு மனுவோடுதான் நிற்க வேண்டும்.

செக் இல்லாத பாக்கிக்குப் பண வழக்கு. கடன் தவணை எதுவும் பேசாமல் சரக்கு கொடுத்திருந்தால், கொடுத்த நாளிலிருந்து 3 வருஷம். அந்த 3 வருஷத்துக்குள் கணக்கு நோட்டில் பாக்கியை ஒப்புக்கொண்டு எதிராளி கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றிலிருந்து மறுபடி 3 வருஷம். ஆகவே நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். வியாபாரிகளுக்குள் சரக்குத் தகராறு, 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால், அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத பட்சத்தில் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். போகாமல் போட்ட பிராது தள்ளுபடியாகும். இந்த வகை வழக்கில் எதிராளி பக்கம் ஆஜரானால் எதிருரைக்கு 30 நாள், கோர்ட் நீட்டித்தாலும் மொத்தம் 120 நாள். அதற்குப் பிறகு யார் கெஞ்சியும் பலனில்லை.

கோர்ட்டில், வழக்கு கூப்பிடும்போது சீனியர் வேறு ஹாலில் இருந்தால் வாய்தா கேட்காதீர்கள், பாஸ் ஓவர் கேளுங்கள், அதாவது அன்றே சற்று நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்லுங்கள். செக் புகாரில் புகார்தாரர் வராவிட்டால் எதிரி விடுதலையாகிவிடலாம். சம்பா அறுவடை நேரத்தில் கட்சிக்காரர் களத்தைவிட்டு வரமாட்டார். முந்தின நாளே போன் போடுங்கள். முடியாது என்றால் அவர் வராததற்கு அனுமதி கேட்கும் மனுவைத் தயார் செய்து வையுங்கள்.

உத்தரவு வந்த அன்றே நகல் மனு போடுங்கள். உயர் நீதிமன்றம் போக வேண்டி வந்தால் ஊரைப் பார்த்துக் கட்டை அனுப்புங்கள்: தஞ்சாவூர் மாவட்டக் கோர்ட்டுகளின் வழக்கு மதுரைக் கிளைக்கு, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்கு சென்னைக்கு. கும்பகோணத்து ஆபீஸில் இரண்டுமே ஒரே அலமாரியில் இருக்கும் என்பதால் கட்டின் மேலட்டையிலேயே ஊரை எழுதிவிடுங்கள்.