பவர் விண்டோ மக்கர் செய்தால் முதலில் மோட்டாரை மாற்றாதீர்கள்

கார் கண்ணாடி ஏறி இறங்கவில்லை என்றதும் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ‘மோட்டார் போயிடுச்சு’ என்பதுதான். புது மோட்டார் மாட்டிய பிறகும் கண்ணாடி அசையாமல் நிற்பதுண்டு. பழுது சுவிட்சிலோ ஒயரிலோ கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலிலோ இருந்திருக்கும். கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றும் முன்பே பழுது எந்தப் பக்கம் என்று ஓரளவு கண்டுபிடித்துவிட முடியும். அதைச் செய்யாமல் ஸ்பேனரை எடுப்பதுதான் பணத்தை வீணாக்கும் தவறு.

எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, உள் விளக்கைப் போட்டு, விண்டோ சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டாருக்கு கரண்ட் போகிறது. மோட்டார் இறுகியிருக்கும், அல்லது கண்ணாடி சிக்கியிருக்கும். மங்கவே இல்லையென்றால் ஃபியூஸ், சுவிட்ச், ஒயர், மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் இவற்றில் ஒன்று. எல்இடி விளக்கில் இந்த வித்தியாசம் தெரியாது. பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் சற்று இறங்குகிறதா என்று பாருங்கள். கதவுக்குள் மோட்டார் சுற்றும் சத்தம் மட்டும் வந்து கண்ணாடி அசையவில்லையா? பெரும்பாலும் பழுது மோட்டாரில் இருக்காது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பான ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும்.

வேலை செய்யாத சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்துவதும் கெடுதல். பல மோட்டார்களுக்குள் சூடானால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு இருக்கிறது. அது துண்டித்துவிட்டால் நல்ல மோட்டாரும் செத்ததுபோல் கிடக்கும். சில நிமிடம் ஆறவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

பயணி பக்கத்துக் கண்ணாடி வேலை செய்யாதபோது முதலில் டிரைவர் பக்கத்து லாக் பட்டனைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் பயனில்லை என்றால், பயணி பக்கத்து சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டு ஓயாதீர்கள். பல கார்களில் அந்த மோட்டாரின் சர்க்யூட் டிரைவர் பக்கத்து மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான் முழுமையாகும். மழைநீர் இறங்கி மாஸ்டர் சுவிட்சின் பாயின்ட் கருகியிருந்தால், கோளாறு அடுத்த கதவில் தெரியும்.

அதிகம் கவனிக்கப்படாத இடம் ஒன்று உண்டு: கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒயர்கள் போகும் ரப்பர் குழாய். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஒயர்கள் அங்கே மடங்குகின்றன. நாளடைவில் உள்ளே செம்பு இழைகள் அறுந்து, மேலே உறை மட்டும் முழுதாக இருக்கும். கதவைப் பாதி திறந்தால் கண்ணாடி வேலை செய்து, மூடினால் நின்றுபோனால் இதுவே காரணம். இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்புவது பெரிய தவறு. ஒரே ஓர் இழை ஒட்டியிருந்தாலும் 12 வோல்ட் காட்டும், ஆனால் மோட்டாரை ஓட்டும் அளவுக்குக் கரண்ட் தராது. சாதாரண இரண்டு ஒயர் மோட்டாரானால் மோட்டாரில் ஒயர் சொருகியிருக்கும் கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு முனைகளுக்கும் நடுவே 21 வாட் பல்பை வைத்து சுவிட்சை அழுத்துங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் ஒயரையோ சுவிட்சையோ பாருங்கள். ஒரு முனையை பாடியில் வைத்துச் சோதித்தால், இன்னொரு ஒயரின் அறுப்பு தெரியாமலே போய்விடும்.

20 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 30 போடவே கூடாது. ஃபியூஸ் தாங்கும், ஒயர் உருகும்.

இறங்கும்போது சரியாகவும் ஏறும்போது திணறியும் போகும் கண்ணாடிக்குப் பெரும்பாலும் வேண்டியது சுத்தம்தான். சேனல் ரப்பரில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிகான் ஸ்ப்ரே மெலிதாக அடியுங்கள். எஞ்சின் ஆயிலும் கிரீஸும் ரப்பரை ஊதவைத்து, மேலும் தூசியை இழுக்கும். கண்ணாடி முன்னைவிட மோசமாகச் சிக்கும்.

கதவைப் பிரித்தே ஆக வேண்டுமானால், முடிந்தால் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். சில கதவுகளுக்குள் ஏர்பேக் சென்சார் இருக்கிறது. ரெகுலேட்டர் போல்ட்டைத் தளர்த்தும் முன் கண்ணாடியை மேலே நிறுத்தி, ஃபிரேமோடு சேர்த்து அகலமான டேப்பால் ஒட்டுங்கள். இல்லையென்றால் கண்ணாடி சரிந்து விரலில் விழும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் உரித்து, பழையபடியே ஒட்டுங்கள். கிழிந்தால் அடுத்த மழையில் மிதியடி நனையும்.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு மாட்டிய பிறகு சில கார்களில் ஆட்டோ ஏற்றம், அதாவது ஒருமுறை அழுத்தினாலே கண்ணாடி முழுதும் ஏறுவது, வேலை செய்யாது. அது பழுதல்ல, மோட்டாருக்குக் கண்ணாடியின் எல்லை மறந்துவிட்டது. பொதுவாக முழுதும் இறக்கி, பிறகு முழுதும் ஏற்றி, சுவிட்சைச் சில விநாடி அப்படியே பிடித்திருந்தால் சரியாகும். உங்கள் காருக்கான சரியான முறை கையேட்டில் இருக்கும். முக்கால் உயரம் போய்த் தானாகக் கீழிறங்கும் கண்ணாடிக்கோ, ஜன்னலுக்கு மேல் மழை மறைப்பாகக் கடையில் மாட்டிய டோர் வைசரைக் கழற்றிப் பாருங்கள். அது சேனல் ரப்பரை அழுத்தினால், நடுவில் கை மாட்டியிருப்பதாகக் கணக்கிட்டு மோட்டார் பின்வாங்கும்.