தளி குளிருக்கு எந்தக் கூரை? ஷீட், ஷிங்கிள்ஸ் தேர்வில் நடக்கும் தவறுகள்

ஓசூரைத் தாண்டித் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தோட்ட வீடு கட்டுகிறவர்கள் இப்போது அதிகம். சுவர் எழும்பிக் கூரை மட்டம் வந்ததும் வீட்டில் ஒரு விவாதம் கிளம்பும். பட்டறைக்காரர் கலர் ஷீட் போட்டுவிடலாம் என்பார். கனடாவில் இருக்கும் மகன், 'இங்கே எல்லா வீட்டுக்கும் ஷிங்கிள்ஸ்தான்பா, குளிருக்கு அதுதான் சரி' என்று வாட்ஸாப்பில் படம் அனுப்புவார். ஷிங்கிள்ஸ் என்றால் மேலே கல் துகள் ஒட்டிய தார் வில்லைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடிப்பது. அப்புறம் யூடியூப். அமெரிக்காவின் மினசோட்டாவில் முழங்கால் அளவு பனியில் நின்றுகொண்டு ஒருவர் சொல்வதைக் கேட்டுத் தளியில் கூரை முடிவாகும்.

எந்தக் குளிர் என்று கேட்காமல் போவதுதான் இதில் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

தளிக்கு வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். மார்கழி, தை விடியற்காலையில் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது உண்மைதான். ஆனால் தண்ணீர் உறையும் அளவுக்குப் போவதில்லை. அதே ஊரில் ஏப்ரல் மதியம் வெயில் கொளுத்தும். ஆக, கூரையின் கண்ணில் இது குளிர் ஊரே இல்லை. வெயில், சூறைக்காற்று, விடியற்காலைப் பனி ஈரம் மூன்றையும் மாறி மாறி வாங்கும் ஊர்.

மினசோட்டாக்காரரின் கவலை வேறு. அங்கே பனிப்பொழிவு கூரை மேல் வாரக்கணக்கில் கிடக்கும். வீட்டுக்குள் எரியும் ஹீட்டரின் சூடு மேலேறி, கூரையின் மேல்பகுதியில் கிடக்கும் பனியை அடியிலிருந்து உருக்கும். உருகிய நீர் வழிந்து, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து கரை கட்டிவிடும். அந்தக் கரைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிள்ஸுக்கு அடியில் ஏறி வீட்டுக்குள் ஒழுகும். இதற்காகவே அங்கே கூரை விளிம்பிலிருந்து, வெளிச்சுவரைத் தாண்டி உள்பக்கம் 24 அங்குலம் வரை ஒட்டும் சவ்வு ஒன்றை விரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் ஊரில் அந்தச் சவ்வுக்குப் பணம் கொடுப்பது வீண். நம் இந்தியத் தரநிலையிலேயே ஐ.எஸ். 875-ன் 4-ஆம் பாகம் பனிச்சுமைக்கு, 3-ஆம் பாகம் காற்றுக்கு. கிருஷ்ணகிரிக்காரர் புரட்ட வேண்டியது 3-ஆம் பாகத்தை.

உறவுகள் அங்கே இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்களிலும் ஒரு தவறு நடக்கிறது. மெட்டல் கூரை போட்டால் பனிக்கரை கட்டாது என்று நம்பி மாற்றுகிறார்கள். வழுக்கலான மெட்டலில் பனி சீக்கிரம் சரியும், அவ்வளவுதான். கரை கட்டுவதற்குக் காரணம் கூரைக்கு அடியில் இன்சுலேஷன் குறைவாக இருப்பதும், வீட்டுச் சூடு இடுக்குகளில் கசிவதும். அதைச் சரிசெய்யாமல் மேலே எதை மாற்றினாலும் பிரச்சினை அப்படியே இருக்கும். மெட்டல் போட்டால் வீடு சில்லிடும் என்பதும் பொய். ஷீட்டுக்கும் சரி, ஷிங்கிள்ஸுக்கும் சரி, குளிரைத் தடுக்கும் சக்தி ஏறக்குறைய இல்லை. அந்த வேலை இன்சுலேஷனுடையது. இன்னொன்று, மெட்டலில் சரியும் பனி மொத்தமாக வாசல்மேல் விழும். அதனால் வாசலுக்கு மேலே பனித் தடுப்பு வைக்காமல் விடக்கூடாது.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

விலைக் கணக்கிலும் அமெரிக்காவைப் பார்த்து ஏமாறுகிறோம். அங்கே ஷிங்கிள்ஸ் மலிவு, நல்ல மெட்டல் கூரை விலை அதிகம். இங்கே தலைகீழ். கலர் ஷீட் பக்கத்து ஊரிலேயே கிடைக்கும், ஷிங்கிள்ஸ் பெரும்பாலும் இறக்குமதி. அதைவிட முக்கியம், ஷிங்கிள்ஸை இரும்பு பர்லின் (கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேல் நேராகப் போட முடியாது. அடியில் முழுப் பரப்புக்கும் பிளைவுட்டோ, சிமெண்ட் போர்டோ, சாய்வான கான்கிரீட்டோ வேண்டும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 மெரைன் ரகம், பலகைகளுக்கிடையே 3 மி.மீ. இடைவெளி, கரையான் மருந்து. இதையெல்லாம் சேர்க்காமல் ஷிங்கிள்ஸ் பெட்டி விலையை மட்டும் ஷீட் விலையோடு ஒப்பிடுகிறவர்கள் பாதி வேலையில் கையைப் பிசைகிறார்கள்.

வாட்டம் பற்றி யாரும் ஆரம்பத்தில் கேட்பதில்லை. நம் பக்கம் ஷீட்டுக்கு அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் விட்டுப் பழகிவிட்டார்கள். ஷிங்கிள்ஸுக்கு அடிக்கு 2 அங்குலம்தான் குறைந்தபட்ச எல்லை. 2 முதல் 4 அங்குலம் வரை என்றால் அடியில் தார்த்தாள் இரண்டு அடுக்கு. 4 அங்குலத்துக்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) வெல்டிங் முடிந்த பிறகு மனம் மாறி ஷிங்கிள்ஸ் கேட்டால் வாட்டத்தை எங்கே போய் ஏற்றுவது?

மழை இல்லாமல் ஒழுகும் கூரை

இந்தப் பக்கம் ஷீட் கூரையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். தை மாதம், பத்து நாளாக ஒரு துளி மழை இல்லை. விடிந்து பார்த்தால் ராகி மூட்டைமேல் சொட்டுச் சொட்டாக ஈரம். கூரை ஒழுகுகிறது என்று பட்டறைக்காரரைக் கூப்பிடுவார்கள். அவரும் ஏறி, ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் சிலிக்கான் தடவிவிட்டு இறங்குவார். மறுநாள் காலை மறுபடி சொட்டும்.

ஒழுகல் மேலிருந்து வரவில்லை, உள்ளிருந்து வருகிறது. மேகமில்லாத இரவில் ஷீட் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். வீட்டுக்குள் சமைத்த ஆவி, குளித்த ஈரம், படுத்திருப்பவர்களின் மூச்சு எல்லாம் மேலேறி அந்தத் தகரத்தின் அடிப்பக்கத்தில் படும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோப்பதுபோல அங்கேயும் கோக்கும். வாட்டம் குறைவாக இருந்தால் வழிந்து விளிம்புக்குப் போகாமல் அங்கங்கே சொட்டும்.

இதற்குச் சிலிக்கான் மருந்தில்லை. ஷீட்டுக்கு அடியில் இடைவெளி இல்லாமல் ஃபோம் இன்சுலேஷன் ஒட்ட வேண்டும், இணைப்புகளில் டேப் போட வேண்டும். வசதி இருந்தால் இரண்டு தகரத்துக்கு நடுவே ஃபோம் வைத்த பஃப் பேனலே போட்டுவிடலாம். கிடங்கு, கொட்டகை என்றால் முகட்டில் காற்று வெளியேற வழி வைத்தாலே பெருமளவு குறையும். திறந்த கண்ணாடிக் கம்பளியை (கிளாஸ் வூல்) பரப்பிவிட்டு விடுவது இன்னொரு தவறு. அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு பாரமாகத் தொங்கும், தகரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். இன்சுலேஷன் போட்டால் கோடை மதியச் சூடும், மழைச் சத்தமும் கூடவே குறையும். ஷிங்கிள்ஸில் இந்தச் சொட்டல் தொல்லை ரொம்பக் குறைவு, சத்தமும் இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காற்றுக்குக் கணக்குப் போடாதது

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் சித்திரை, வைகாசிக் கோடை மழை சும்மா வராது. சூறைக்காற்றோடும், சில நேரம் ஆலங்கட்டியோடும் வரும். மாங்காய் கொட்டும், வாழை சாயும், கூடவே யாரோ ஒருவருடைய ஷீட் அடுத்த தோட்டத்தில் கிடக்கும்.

மணிக்கு 100 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டருக்குக் கொடுக்கும் அழுத்தம் சுமார் 48 கிலோ எடைக்குச் சமம். அரை மி.மீ. ஷீட்டின் எடை ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோவை ஒட்டித்தான். கூரை பாரத்தால் நிற்கவில்லை, ஸ்க்ரூவால் நிற்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும். காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதுதான் அதிகம். அந்த உறிஞ்சல் மூலைகளிலும் ஓரங்களிலும் மிகக் கூடுதல். ஆனால் நம் ஆட்கள் நடுவில் எந்த இடைவெளியில் ஸ்க்ரூ அடிக்கிறார்களோ, அதே இடைவெளியில்தான் ஓரத்திலும் அடிப்பார்கள். ஓரத்து பர்லின்களில் நெருக்கி அடிக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் நாலு பக்கமும் திறந்த ஷெட் என்றால் காற்று அடியிலிருந்தும் தள்ளும். அங்கே ஸ்க்ரூ மட்டும் போதாது, தூணையும் தளத்தோடு ஆங்கர் போல்ட்டில் இறுக்க வேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் ரெண்டு செங்கல் வைத்துப் பூசிவிட்டுப் போகும் வேலை ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது.

ஷிங்கிள்ஸுக்கும் இதே கதைதான். ஒரு துண்டுக்கு 4 ஆணி, காற்று அதிகமுள்ள இடத்தில் 6. ஆணி அதற்கென்று போட்டிருக்கும் கோட்டில் விழ வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் இருக்கும் பசைக்கோடு வெயில் பட்டுத்தான் அடுத்ததோடு ஒட்டும். குளிர் நாடுகளில் 5 டிகிரிக்குக் கீழே போட்டால் ஒட்டாமல் முதல் காற்றுக்கே எழும்பும், வளைத்தால் விரிசலும் விடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு எதிர்க் கவலை. ஏப்ரல் மதியம் தார் இளகியிருக்கும்போது மேலே ஏறி நடந்தால் மேலிருக்கும் கல் துகள்கள் உதிர்ந்து, அடித் தார் வெயிலுக்கு வெளிப்பட்டுவிடும். ஏறுவதென்றால் காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும்.

ஆலங்கட்டிக்கு ஷீட் பள்ளம் விழும், ஆனால் பெரும்பாலும் ஒழுகாது. ஷிங்கிள்ஸில் துகள் உதிரும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆயுள்தான் குறையும்.

பட்டறையில் நடப்பவை

பில்லில் 0.50 என்று எழுதியிருக்கும். அது பெயிண்ட், பூச்சு எல்லாம் சேர்ந்த தடிமனா, உள்ளே இருக்கும் இரும்பின் தடிமனா என்று கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எடை போடுங்கள். 1220 மி.மீ. அகலத் தகட்டுச் சுருளில் ஓட்டிய 0.50 ஷீட் 10 அடி நீளத்துக்கு 13 முதல் 14 கிலோ வரும். 11 கிலோ காட்டினால் உங்களுக்கு வந்திருப்பது 0.40. மைக்ரோமீட்டர் எல்லாம் வேண்டாம், மண்டித் தராசு போதும்.

அப்புறம் கட்டிங். கிரைண்டரில் சக்கரம் போட்டுத் தீப்பொறி பறக்க ஷீட்டை வெட்டுவது வேகமான வேலைதான். ஆனால் அந்தப் பொறிகள் ஷீட்மேல் ஒட்டி, முதல் மழையிலேயே செம்புள்ளியாகத் துருப்பிடிக்கும். வெட்டிய ஓரத்தில் பூச்சும் கருகியிருக்கும். கத்தரியோ, தகட்டைக் கொறித்து வெட்டும் நிப்ளரோ வைத்துத்தான் வெட்ட வேண்டும். துளை போட்ட தூளையும் அன்று மாலையே பெருக்கித் தள்ள வேண்டும்.

ஸ்க்ரூவை விட்டுவிட்டுப் பேச முடியாது. ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். பலம் காட்டி இறுக்கினால் வாஷர் நசுங்கி வெடிக்கும், அந்த இடம் இரண்டாம் வருஷம் ஒழுகும். மதியம் 65 டிகிரி சூடேறும் ஷீட் விடியற்காலை 15-க்கு இறங்கும்போது, 10 மீட்டர் நீளத்துக்கு 6 மி.மீ. சுருங்குகிறது. இது தினமும் நடக்கிற இழுபறி. நீளமான ஒரே ஷீட் என்று பெருமைப்படுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தில் கொத்தனார் சிமெண்ட் கலவையை அப்புவார். கலர் ஷீட்டின் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் கால்வால்யூம் பூச்சு என்பது 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். ஈரச் சிமெண்டின் காரம் இரண்டையும் அரிக்கும். அங்கே இணைப்பை மூடும் ஃபிளாஷிங் தகடு வைத்து சீலண்ட் போடுவதுதான் முறை. மாட்டுக்கொட்டகைக்கும் கோழிப்பண்ணைக்கும் இதே ஷீட்டை யோசிக்காமல் வாங்குவதும் தவறு, சாணத்திலிருந்தும் எச்சத்திலிருந்தும் வரும் அமோனியா பூச்சைத் தின்றுவிடும். மாடி ஏ.சி.யின் வடிகால் தண்ணீர் ஷீட்மேல் விழ விடாதீர்கள். அதில் செப்புக் குழாயின் கரைசல் இருக்கும், விழும் இடம் மட்டும் சீக்கிரம் ஓட்டையாகும்.

கூரைத் தண்ணீரை மறப்பது

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. நம் இரண்டு மாவட்டங்களுக்கு அது சட்டத்துக்காகச் செய்யும் வேலை மட்டுமில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1000 லிட்டர். முதல் மழையைக் கழித்துவிட்டு, வடிகட்டிச் சேமித்தால் போர்வெல் தண்ணீருக்கு எவ்வளவோ மேல். இதற்கு மெட்டல் கூரைதான் தோது. வழவழப்பாக இருப்பதால் தூசி கழுவிக்கொண்டு போகும், வெயிலில் கிருமியும் குறையும். ஷிங்கிள்ஸில் துகளும் தார் வாடையும் வரும். தோட்டத்துக்குப் பாய்ச்சலாம், குடிக்கச் சொல்ல மாட்டேன்.

என் கணக்கில், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, அந்தப் பக்கம் வத்தல்மலை வரை, இன்சுலேஷன் போட்ட வெளிர்நிறக் கலர் ஷீட்டே போதும். ஏற்கெனவே சாய்வான கான்கிரீட் போட்டுவிட்டவர்கள், மழைச் சத்தம் ஆகாதவர்கள், அழகுக்காகச் செலவு செய்யத் தயங்காதவர்கள் ஷிங்கிள்ஸ் போடலாம். ஆனால் அதைப் போட்டுப் பழகிய ஆள் கிடைக்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஓசூரைத் தாண்டினால் அது கஷ்டம். அட்டையில் இருக்கும் 'வாழ்நாள் வாரண்டி'யை நம்பிக் குதிக்காதீர்கள். வருஷம் ஏற ஏறக் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே போகும், காற்றோட்டம் சரியாக வைக்கவில்லை என்றால் அதுவும் கிடைக்காது.

கொட்டேஷன் வாங்கும்போது ஷீட்டின் இரும்புத் தடிமன், பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், ஓரத்தில் ஸ்க்ரூ இடைவெளி, இன்சுலேஷன் எத்தனை மி.மீ. என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். வேலையைப் பங்குனிக்குள் முடிக்கப் பாருங்கள். கோடை மழை சீசனில் ஆரம்பிக்க நேர்ந்தால், பாதி ஸ்க்ரூ அடித்த ஷீட்டை ராத்திரிக்கு அப்படியே விட்டுவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.