கல்வெட்டுச் சான்றை அடிவரை படிப்பது எப்படி

ஊர்ச் சபைக்கான உறுப்பினர்களைக் குடவோலை முறையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து, தேர்ந்தெடுத்ததைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிச் சோழர் காலத்திலேயே மக்களாட்சி இருந்தது என்று சொல்லப்படுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அந்தக் கூற்றை நம்பவோ மறுக்கவோ அவசரப்படாமல், கல்லில் உள்ளது எது, அதன்மேல் பின்னாளில் ஏற்றப்பட்டது எது என்று பிரித்தறிவதே முதல் வேலை.

முதலில் முழுப் பாடத்தைத் தேடி எடுங்கள். கல்வெட்டு ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் சுருக்கத்தையே தருகின்றன. சுருக்கத்தில் நிபந்தனைகள் உதிர்ந்துவிடும். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரு சாசனங்கள் அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன.

அடுத்து, இன்றும் வழங்கும் சொல் அன்றும் அதே பொருளில்தான் வழங்கியது என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. ‘இறைநிலம்’ என்பதைக் கோயில் நிலம் என்று கொண்டால் பொருள் தலைகீழாகும். இங்கே இறை என்பது வரி. ‘குடும்பு’ என்பது குடும்பமன்று, ஊரின் பகுதி. அத்தகைய 30 பகுதிகள் இருந்தன. ‘வேலி’ என்ற நில அளவையும் இன்றைய ஏக்கர்க் கணக்கில் உடனே மாற்றிவிடலாகாது, ஏனெனில் பழைய அளவுகோல்கள் இடத்துக்கு இடம் வேறுபட்டன.

பிறகு, பேசுவது யார் என்று கேளுங்கள். இது ஊரார் அனைவரின் குரலன்று. பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை, அரசாணையின்படி, அரச அதிகாரி உடனிருக்கச் செய்த ஏற்பாடு. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் உடையவர் பெயரையே பொதுவாகக் குடவோலையில் இட முடியும். உழுதவர், பெண்கள், நிலமற்றவர் ஆகியோருக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. கல்வெட்டு சொல்லாமல் விட்டவர்களையும் கணக்கில் எடுக்கும்போதுதான் படிப்பு முழுமை பெறும்.

இதனால் அந்தச் சாசனத்தின் பெருமை குறைந்துவிடாது என்பது என் உறுதியான கருத்து. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனே ஓலையை எடுத்தான். அதைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டியிருந்தது. கைக்குள் வேறு ஓலையை மறைத்துவைக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் எழுதிய விதி அது.

இரு சாசனங்களையும் அருகருகே வைத்துப் படிப்பதும் அவசியம். முதலாவதில் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என மாறுகிறது. முதல் ஏற்பாடு நடைமுறையில் போதாமல் போயிருக்கலாம் என்று ஊகிக்க இது இடம் தருகிறது. ஆனால் ஊகத்தை ஊகம் என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் நேரில் சென்று அச்சுப் பாடத்தைக் கல்லோடு ஒப்பிடுங்கள். பழைய எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ரகரமும் காலும் (ா) ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே பதிப்பாசிரியரின் முடிவு ஒவ்வொரு வரியிலும் கலந்திருக்கிறது. நேர் வெளிச்சத்தில் மழுங்கித் தெரியும் எழுத்து, கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து துலங்கும். எழுத்தைத் தெளிவாக்குவதற்காகச் சுண்ணக்கட்டியோ எண்ணெயோ பூச வேண்டாம்.